தண்டுப் பகுதியின் போர்க்காலக் கைக்கடிகாரங்கள்

பெங்களூரின் கிழக்குப் பகுதியை நம் முன்னோர் 'தண்டு' என்றே வழங்கி வந்தனர். தண்டு என்பது படை தங்கும் இடம். 1809ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலேயர் இங்குப் பாசறை நிறுவிய நாள்தொட்டு, அப்படையின் பின்னே தமிழ் மாவட்டங்களிலிருந்து நம்மவர் வந்து குடியேறினர். சிப்பாயாக வந்தவர் சிலர். கொத்தராக, சமையற்காரராக, எழுத்தராக, வணிகராக வந்தவர் பலர். பிரேசர் டவுன் அத்தண்டின் கடைக்குட்டிப் பிள்ளைகளுள் ஒன்று. 1898இல் இவ்வூரை அலைக்கழித்த பிளேக் நோய்க்குப் பின்னர், காற்றும் வெளிச்சமும் உள்ள புதுக் குடியிருப்புகள் வேண்டுமென்று வகுக்கப்பட்டவற்றுள் இதுவும் சேரும். நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு இளமையில் ஆசிரியராயிருந்து, பிற்காலத்தில் மைசூர் ரெசிடெண்டாக விளங்கிய ஸ்டூவர்ட் பிரேசர் என்பாரின் பெயரை இது தாங்கிற்று. இன்று அரசாங்க ஏடுகளில் இதன் பெயர் புலிகேசி நகர். பல்லவரோடு பொருத சாளுக்கிய வேந்தனின் பெயர் பூண்ட பேட்டையில் இத்துணைத் தமிழ்க் குடும்பங்கள் அமைதியுற வாழ்ந்து வருவது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று எனலாம்.

இத்தகைய பேட்டையின் பழைய வீடுகளில், தகரப் பெட்டிகளின் அடியில், மூன்று பொருள்கள் ஒருங்கே கிடைப்பதுண்டு. பதக்கம் ஒன்று, படையிலிருந்து விடுவித்த சான்றுப் புத்தகம் ஒன்று, ஓடாத கைக்கடிகாரம் ஒன்று. பதக்கத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகின்றனர். சான்றினை ஓய்வூதியத்தின் பொருட்டுப் போற்றுகின்றனர். கடிகாரத்தை மட்டும் எவரும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தாதிருந்தனர் என்று சொல்லுதலே இப்போது பொருந்தும். இரு பெரும் போர்களின் கடிகாரங்களைத் தேடித் திரட்டுவோர் உலகெங்கும் பெருகிவிட்டமையால் விலையும் ஏறிவிட்டது. விலை ஏறிய இடத்தில் போலியும் முளைக்கும். நம் தெருக்களுக்கும் வணிகர் வந்து வீடு வீடாகக் கேட்கின்றனர். எது மெய், எது பொய், எது மெய்யாயிருந்து பொய்யாக்கப்பட்டது என்று அறியாமலே கொடுக்கலும் வாங்கலும் நடைபெறுகின்றன. இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்து வேலையில் காலங்கழிக்கும் நமக்குக் கடிகாரம் அன்றாட எசமானன். ஆதலின் ஓய்வு நேரங்களில் இத்துறையில் சிறிது புகுந்து பார்த்தோம். கண்டவற்றை மலரின் வாசகர்க்கு உரைக்க விழைகின்றோம்.

கையிலே கடிகாரம் கட்டுவது ஆண்மைக்கு இழுக்கு என்று மேனாட்டார் எண்ணிய காலம் ஒன்றிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆடவர் கடிகாரத்தைச் சங்கிலியோடு சட்டைப்பையில் வைத்தனர். மணிக்கட்டில் அணிந்தோர் பெண்டிர். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த போயர் போரில் அதிகாரிகள் சிலர் பைக்கடிகாரத்தைத் தோலுறையில் இட்டுக் கையில் கட்டிக்கொண்டனர். 1914இல் மூண்ட போரோ பதுங்குகுழிப் போர். பீரங்கிகள் குறித்த நிமிடத்தில் முழங்கிக் குறித்த நிமிடத்தில் ஓய வேண்டும். அந்நொடியே காலாட்படை குழியைவிட்டு மேலேற வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் தம் பீரங்கிக்கே இரை. ஒரு நிமிடம் பிந்தினால் எதிரியின் துப்பாக்கிக்கு இரை. அந்நிலையில் சட்டைப்பையைத் துழாவ எவனுக்கு நேரம்? இரவில் மணி பார்க்கத் தீக்குச்சி கிழித்தாலோ, அவ்வெளிச்சமே எதிரிக்குக் குறியாகும். எனவே கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறிற்று. அதன் எண்களும் முட்களும் தாமே ஒளிர வேண்டியனவாயின.

அவ்வொளியைத் தந்தது ரேடியம். மேரி கியூரி அம்மையாரும் அவர்தம் கணவர் பியேர் கியூரியும் 1898இல் கண்டறிந்த தனிமம் அது. அதனின்று இடையறாது வெளிப்படும் ஆல்பாக் கதிர், துத்தநாக சல்பைடு என்னும் தூளின்மீது மோத, அத்தூள் மின்மினிபோல ஒளிர்கின்றது. இரண்டையும் பசையோடு குழைத்து எண்களின்மீது பூசினால், வெயிலில் காட்ட வேண்டிய தேவையின்றி இரவெல்லாம் இளம்பச்சை ஒளி நிற்கும். அக்காலத்து மக்களுக்கு இது பெருவியப்பாக இருந்தது. இன்றும் நம் ஊர்களில் வண்டியின் பின்புறம் ஒட்டும் பளபளப்புத் தாளை 'ரேடியம் ஸ்டிக்கர்' என்றே சொல்கின்றோம். அத்தாளில் ரேடியம் அணுவளவும் கிடையாது. விளக்கொளியைத் திருப்பிக் காட்டுவது ஒன்றே அதன் தொழில். பொருள் போய்ப் பெயர் மட்டும் நம் நாவில் நின்றுவிட்டது.

அப்பொருளுக்கு மக்கள் கொடுத்த விலை சிறிதன்று. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு என்னும் ஊரில் 1917 முதல் இளம் பெண்கள் ஒரு தொழிற்சாலையில் அமர்ந்து கடிகார முகப்புகளுக்கு ரேடிய மை தீட்டினர். தூரிகையின் நுனி கூராக இருத்தற்கு அதை உதட்டில் வைத்து நனைத்துக்கொள்ளுமாறு அவர்கட்குக் கற்பிக்கப்பட்டது. ரேடியம் சுண்ணச் சத்தை ஒத்த தன்மையது. உள்ளே சென்றால் எலும்பிற் போய்த் தங்கும். பற்கள் உதிர்ந்தன, தாடை எலும்பு அரித்தது, பலர் மாண்டனர். 1925இல் மார்ட்லண்டு என்னும் மருத்துவர் இந்நோயின் காரணம் ரேடியமே என எடுத்துக்காட்டினார். கிரேஸ் பிரையர் என்னும் பெண்ணும் அவர் தோழியர் நால்வரும் 1927இல் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு இணக்கம் ஏற்பட்டு, ஒவ்வொருவர்க்கும் 10,000 டாலரும் ஆண்டுதோறும் 600 டாலரும் தருவதாயிற்று. அம்மையைக் கண்டுபிடித்த சோகாக்கி என்பவரும் அதே 1928இல் குருதி வற்றும் நோயால் இறந்தார். நம் கையிலுள்ள பழங் கடிகாரத்தின் பழுப்பு எண்களைப் பார்க்கும்போது, அவற்றைத் தீட்டியதும் இவ்வாறு ஏதோ ஒரு பெண்ணின் கை என்பதை மறத்தல் கூடாது.

இனி, மெய்யான ரேடிய முகப்பை அறிவது எங்ஙனம் என்று பார்ப்போம். ரேடியத்தின் ஆற்றல் பாதியாகக் குறைவதற்கு 1,600 ஆண்டுகள் ஆகும். துத்தநாகத் தூளோ அத்துணைக் காலம் தாங்குவதில்லை. ஓயாத கதிரடியால் அது சில ஆண்டுகளிலேயே நைந்து ஒளியிழந்துவிடுகின்றது. ஆகவே போர்க்காலக் கடிகாரம் இன்று இருட்டில் ஒளிராது. ஆயின் அதிலுள்ள ரேடியம் ஏறக்குறைய அன்றிருந்தபடியே இருக்கின்றது. விளக்கு அணைந்தது, நெருப்பு அணையவில்லை. இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படும். வணிகர் ஒருவர், "1944ஆம் ஆண்டுக் கடிகாரம், இன்றும் இரவில் எப்படி ஒளிர்கின்றது பாருங்கள்" என்று கூறுவாராயின், அம்முகப்போ அதன்மீதுள்ள பூச்சோ பிற்காலத்தது என்று துணியலாம். இருளில் ஒளியில்லாததைக் கண்டு, "மருந்து தீர்ந்துவிட்டது, இனித் தீங்கில்லை" என்று எண்ணுதலும் அதே அளவு பிழையாகும்.

நிறமும் சான்று பகரும். மெய்ப்பூச்சு காலத்தால் பழுத்து, தேன் நிறத்திலிருந்து கருகிய ஆரஞ்சு, பழுப்பு நிறம் வரை மாறியிருக்கும். எண்ணின்மீதுள்ள பூச்சும் முள்ளின்மீதுள்ள பூச்சும் ஒத்து முதுமை அடைந்திருத்தல் வேண்டும். எண் பழுப்பாகவும் முள் வெண்மையாகவும் இருப்பின் ஒன்று மாற்றப்பட்டது. கடிகாரம் பல்லாண்டுகள் ஓடாமல் கிடந்திருந்தால், முள் நின்ற இடத்தில் முகப்பின்மீது கருநிழல் ஒன்று படிந்திருக்கும். ரேடியம் சுட்ட வடு அது. இதனைப் போலி செய்தல் எளிதன்று. எனவே நாம் முதலில் தேடுவது அந்நிழலையே. மற்றொரு வழி கைகர் கருவி. ரேடியத்தின் ஊடுருவும் கதிர் கண்ணாடியைக் கடந்து வெளிவருமாதலால் கருவி படபடவென ஒலிக்கும். 1960களில் ரேடியத்தின் இடத்தைப் பிடித்த டிரிட்டியத்தின் மென்கதிர் கண்ணாடியைக் கடவாது. கருவி வாய் திறவாது. டிரிட்டிய முகப்பின் அடியில் 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இருபுறமும் 'டி' என்னும் ஆங்கில எழுத்து நிற்பதும், பிரித்தானியப் படைக் கடிகாரமாயின் வட்டத்துள் அவ்வெழுத்து நிற்பதும் வழக்கம். அவ்வெழுத்துள்ள முகப்பு இரண்டாம் உலகப் போரில் இருந்திருக்க இயலாது. ஆயின் இங்கு ஒரு நுட்பம் உண்டு. போருக்குப் பின் பிரித்தானியப் படைத்துறையே தன் கடிகாரங்கள் பலவற்றின் ரேடிய முகப்பைக் கழற்றிவிட்டு வட்ட 'டி' முகப்பை இட்டது. அவை போலியல்ல, பணியிலிருந்தபோதே சட்டை மாற்றிக்கொண்டவை.

ஒளியை விட்டுக் குறிகளுக்கு வருவோம். பிரித்தானிய அரசின் உடைமை எதுவாயினும் அதன்மீது அகன்ற அம்புக்குறி ஒன்றைப் பொறிப்பது பல நூற்றாண்டு வழக்கம். கனடாவின் பொருளில் அவ்வம்பு ஆங்கில 'சி' எழுத்தின் உள்ளே நிற்கும். ஆஸ்திரேலியாவில் இரண்டு 'டி' எழுத்துகளின் நடுவே நிற்கும். இந்தியப் படைப்பொருள்களில் 'ஐ' எழுத்தோடு சேர்ந்து வரும். பொருள் பணியிலிருந்து நீக்கி விற்கப்பட்டால் இரண்டு அம்புகளை முனையோடு முனை எதிரெதிராகப் பொறிப்பர். 'அரசன் இதனை விட்டுவிட்டான்' என்பதே அதன் பொருள். அம்பு என்பது வீரத்தின் அடையாளமன்று, உடைமையின் அடையாளம். நம் இருப்புப்பாதையில் விளக்கு முதல் நாற்காலி வரை துறையின் எழுத்தைப் பொறிப்பது போன்றதே அதுவும். இவ்வுண்மை பின்னே நமக்குப் பயன்படும்.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியத் தரைப்படைக்கு முதலில் வந்தவை 'ஏ.டி.பி.' என்று பின்மூடியில் பொறித்த கடிகாரங்கள். பைக்கடிகாரங்களில் 'ஜி.எஸ்./டி.பி.' என்றிருக்கும். வான்படையினுடையவற்றில் 'ஏ.எம்.' என்ற எழுத்தும் '6பி/159' என்ற எண்ணும் காணப்படும். போரின் இறுதியில், அங்காடியில் கிடைத்ததை வாங்குவதை விட்டு, இன்னவாறு இருத்தல் வேண்டும் என்று படைத்துறையே இலக்கணம் வகுத்துச் சுவிட்சர்லாந்து நிறுவனங்களிடம் செய்வித்தது. கரிய முகப்பு, அரபு எண்கள், ஆறாம் எண்ணருகே சிறு நொடிமுள், ஒளிரும் முட்கள், 15 கல் இயந்திரம், உடையாத கண்ணாடி, நீர் புகாத கூடு, கையுறையோடு திருகத்தக்க பெரிய சாவி. நிமிடக் கோடுகளை இருப்புப்பாதைத் தண்டவாளம்போல் இரட்டைக் கோட்டிடையே அமைத்தனர் என்பதைக் கண்டு நாம் உள்ளூர மகிழ்ந்ததுண்டு. அவற்றின் பின்மூடியில் அம்புக்குறியும் 'டபிள்யூ' எழுத்து மூன்றும் இருக்கும். பியூரன், சைமா, இட்டெர்னா, கிரானா, ஐ.டபிள்யூ.சி., ஜேகர் லெகூல்ட்ர, லெமானியா, லாஞ்சின், ஒமேகா, ரெக்கார்டு, டைமர், வெர்டெக்ஸ் எனப் பன்னிரு நிறுவனங்கள் இவற்றை வழங்கின. திரட்டுவோர் இப்பன்னிரண்டையும் ஒருசேரத் தேடி அலைகின்றனர். அவற்றுள் கிரானா கிடைப்பது மிக அரிது. பெரும்பாலானவை 1945இலேதான் வந்து சேர்ந்தன. அதாவது போர் முடியும் வேளையில். நார்மண்டிக் கரையில் 1944 சூனில் இறங்கிய வீரனின் கையில் இருந்தது என்று கதை சொல்லி இக்கடிகாரத்தை விற்பவரிடம், ஆண்டைச் சற்று விசாரித்தல் நன்று.

இக்குறிகளே எல்லாம் என்று எண்ணிவிடின் நம்மவர் வரலாறு நழுவிப்போகும். அரசு கொடுத்த கடிகாரம் எல்லாப் படையாளர்க்கும் கிடைத்ததன்று; பணியின் தேவை நோக்கிச் சிலர்க்கே அளித்தனர்; பணி முடிந்ததும் திரும்ப ஒப்படைக்க வேண்டும். நம் சிப்பாய் தன் கையில் கட்டியது பெரும்பாலும் தன் சம்பளத்தில் தானே வாங்கியது. அவ்வகையில் பேர்பெற்றது வெஸ்ட் எண்டு வாட்ச் கம்பெனி. பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை வைத்துச் சுவிட்சர்லாந்தில் செய்வித்த கடிகாரங்களை விற்ற நிறுவனம் அது. 'சவார் பிரைமா' என்பது அதன் புகழ்பெற்ற வகை. சவார் என்றால் குதிரை வீரன். முதல் போரில் மெசபொத்தேமியாவுக்குச் சென்ற இந்தியப் படையாளர் வாயிலாக இதன் பெயர் அரபு நாடுகளிலும் பரவிற்று. இக்கடிகாரங்களில் அம்பு இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆயினும் பாலைவனத்திலும் பர்மாக் காட்டிலும் இத்தாலிய மலையிலும் நம்மவர் மணி பார்த்தது பெரிதும் இத்தகையவற்றிலேயாம்.

அல்சூர் ஏரிக்கரையிலுள்ள மதராஸ் சாப்பர்ஸ் படையை இங்கு நினைத்தல் தகும். பாலம் கட்டுதலும் கண்ணி அகற்றுதலும் அவர் தொழில். முள்வேலியைத் தகர்க்க உலகப் படைகளெல்லாம் பயன்படுத்திய 'பெங்களூர் டார்பிடோ' என்னும் வெடிகுழாய் 1912இல் இங்கே அப்படையின் அதிகாரி ஒருவரால் உருவாக்கப்பட்டது. அப்படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியின் மிக்னானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணியின்மேல் தாமே பாய்ந்து உடன் நின்றாரைக் காத்து உயிர் நீத்தார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர் அத்தமிழரே. அவரோடு பணியாற்றிய படையினரின் மக்களும் பேரன்மாரும் இன்றும் அல்சூர், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் தெருக்களில் வாழ்கின்றனர். பெட்டியடியில் கிடக்கும் கடிகாரம் யாருடையது என்ற வினா நமக்கு வெறும் பொழுதுபோக்கன்று.

அம்பு இல்லாத கடிகாரத்தைச் சோதிப்பது எப்படி? காலத்தோடு ஒத்திட்டுப் பார்ப்பதே வழி. பழைய பைக்கடிகாரத்தின் கூட்டில் கம்பிக் காதுகளைப் பற்றவைத்துப் பீங்கான் முகப்போடு இருப்பது முதல் போரைச் சார்ந்தது. அதிர்ச்சி தாங்கும் 'இன்காபிளாக்' அமைப்பு 1930களில் தோன்றியது. அவ்வெழுத்துள்ள கடிகாரத்தைக் காட்டி, "பாட்டனார் 1916இல் பாக்தாத் வழியில் கட்டியிருந்தார்" என்றால் ஏற்பதற்கில்லை. முகப்பின் அடியில் இரண்டு சிறு செப்புக் கால்கள் உண்டு; அவை இயந்திரத் தட்டின் துளையில் பொருந்தி நிற்கும். கால்களை வெட்டிப் பசையால் ஒட்டியிருப்பின் முகப்பு வேறொன்றினுடையது. பின்மூடியில் கையால் கீறிய படை எண், மூடியின் தேய்மானத்தோடு சேர்ந்து தேய்ந்திருக்க வேண்டும். தேய்ந்த மூடியில் கூர்மை மாறாத எழுத்து நேற்றையது. இவை அனைத்துக்கும் மேலாகத் தாள். படைவிடுப்புச் சான்றிலுள்ள எண்ணும் மூடியிலுள்ள எண்ணும் ஒன்றாயின், அதைவிடச் சிறந்த சாட்சி வேறு எது?

இவ்வளவு சாட்சிகளையும் ஒரே பிற்பகலில் அழித்துவிடும் தொழில் ஒன்று நம் நாட்டில் செழித்திருக்கின்றது. அது முகப்புக்கு மறுவண்ணம் பூசுதல். பழைய முகப்பைச் சுரண்டி, கண்ணைப் பறிக்கும் வண்ணம் பூசி, எழுத்தை அச்சிட்டு, புதுப் பெயரிட்டு விற்கின்றனர். வெளிநாட்டார் இவற்றைப் 'பம்பாய்க் கடிகாரம்' என்று எள்ளுகின்றனர். நம் பெங்களூரில் 1961இல் ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய எச்.எம்.டி. கடிகார ஆலையின் 'ஜவான்' வகைக்கும் இக்கதியே நேர்ந்தது. அவ்வாலையை மூடுவதற்கு 2016இல் அரசு முடிவு செய்த பின், விற்பனைக்கு வரும் ஜவான்களுள் மறுவண்ணம் பூசியவை மலிந்துவிட்டன. மறுவண்ணத்தை அறிவது கடினமன்று. உருப்பெருக்கியால் நோக்கினால் எழுத்தின் விளிம்பு கசிந்திருக்கும், நிமிடக் கோடுகள் நடுவம் பிசகியிருக்கும், ஒளிப்பூச்சு பளிச்சென்றிருக்கும். வருந்தத்தக்கது வேறொன்று. ரேடிய முகப்பைச் சுரண்டும்போது எழும் தூள் அத்தொழிலாளியின் மூக்கிலும் நகக்கண்ணிலும் உணவிலும் சேர்கின்றது. ஆரஞ்சு நகரத்துப் பெண்களின் கதையைச் சிறு கடைகளின் இருட்டு மூலையில் மீண்டும் எழுதுவதற்கு இது ஒப்பாகும்.

அண்மையில் நிகழ்ந்த ஒன்றை இங்குக் கூறுவது பொருந்தும். நம் தெருவில் வாழும் முதிய அம்மையார் ஒருவரிடம் சவார் பிரைமா ஒன்று இருந்தது. அவர்தம் மாமனார் இரண்டாம் போரில் சாப்பர்ஸ் படையிற் பணியாற்றி 1946இல் வீடு திரும்பியவர். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் முட்டுப்பட்ட வேளையில் வெளியூர் வணிகர் ஒருவர் வந்து பார்த்து, "அம்பு இல்லை, ஆகவே இது படைக் கடிகாரமன்று, ஐந்நூறு ரூபாய்க்கு மேல் பெறாது" என்றாராம். பிறகு தாமே வழியும் சொன்னாராம்: டயலைக் கறுப்பாக்கி, பின்மூடியில் அம்பு பொறித்தால் பல ஆயிரம் பெறும், செய்து விற்றுப் பாதி தருவதாக வாக்களித்தாராம்.

அம்மையார் நம்மிடம் வந்து, "தம்பி, இதற்கு நான் என்ன சொல்வது? நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். மசூதிச் சாலையருகே நெடுங்காலமாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். தெருவார் எல்லோர்க்கும் அவர் 'பாய்'. முகக்கவசம் அணிந்து, சன்னலோரம் ஈரத்துணி விரித்து, பின்மூடியை மட்டும் திறந்தார். "முகப்பை நான் தொடமாட்டேன் சார், பழைய ரேடியம்" என்றார். உள்ளே இன்காபிளாக் எழுத்து இருந்தது, காலம் ஒத்தது. கண்ணாடி வழியே நோக்க, எண்ணும் முள்ளும் ஒரே பழுப்பு. பத்து மணி பத்து நிமிடத்தில் முள் சுட்ட நிழல் தெளிவாக நின்றது. மூடியில் ஊசியால் கீறிய எண் பாதி தேய்ந்திருந்தது. அம்மையார் கொணர்ந்த சான்றுப் புத்தகத்தோடு ஒப்பிட்டோம்; இலக்கத்துக்கு இலக்கம் ஒன்றாயிருந்தது.

அம்பின் பொருள் இன்னதென்று நாம் விளக்கியபோது அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் அம்பு பொறித்தால், என் மாமனார் சர்க்கார் பொருளைத் தூக்கிக்கொண்டு வந்தவர் என்றல்லவா ஆகும்? அவர் ஒரு சம்பளத்தை முழுதாகக் கொடுத்து வாங்கினார் என்று அத்தை சொல்லுவார்" என்றார். வணிகர்க்குச் சொல்லி அனுப்பிவிட்டார். கல்லூரிக் கட்டணம் இரண்டு வளையல்களை அடகு வைத்துச் செலுத்தப்பட்டது என்று பின்னர் அறிந்தோம். வளையல் இன்னும் மீட்கப்படவில்லை.

இடையே ஒரு செய்தி. 1942 செப்டம்பர் முதல் நாள் தொட்டு 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்நாட்டின் கடிகாரங்கள் யாவும் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைக்கப்பட்டிருந்தன. அதனைப் போர்க்கால நேரம் என்றனர். அக்காலத்து நாட்குறிப்பிலோ கடிதத்திலோ காணும் மணியை இன்றைய மணியோடு ஒப்பிடுவோர் இதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 1906 சனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் வருவதற்கு முன் நம் இருப்புப்பாதைகள் மதராஸ் நேரத்தில் ஓடின என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆயின் அது வேறொரு மலருக்கு உரிய பொருள்.

இக்கடிகாரங்களை வீட்டில் வைத்திருப்போர் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் அறிந்திருக்க வேண்டும். கண்ணாடியும் கூடும் பழுதின்றி இருப்பின் தூள் வெளிவராது. ஆயினும் ரேடியம் சிதையும்போது ரேடான் என்னும் வாயு பிறந்து மெல்லக் கசியும். 2018இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன், கிங்ஸ்டன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர் ரேடிய முகப்புள்ள 30 பழைய படைக் கடிகாரங்களை ஒரு சிற்றறையில் வைத்து அளந்தபோது, அந்நாட்டில் வகுத்த அளவைப்போல் 134 மடங்கு ரேடான் அவ்வறையில் சேர்ந்திருக்கக் கண்டனர். ஒரு கடிகாரம் அத்துணை செய்யாது; ஆயினும் பலவற்றைத் திரட்டி அடைத்த அறையிலோ படுக்கையருகிலோ வைத்தல் தகாது. காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருத்தலே முறை. கண்ணாடி உடைந்ததாயின் வாயால் ஊதவும் கூடாது, தூரிகையால் துடைக்கவும் கூடாது. இறுக மூடும் பையிலிட்டு, தொட்ட கையைக் கழுவி, அப்படியே வைத்துவிட வேண்டும். குப்பையில் எறிதலும் கூடாது.

பெட்டியைத் துழாவிக் கடிகாரம் ஒன்றைக் காணும் அன்பர்கள் அதனைத் தேய்த்துத் துலக்காமலும், பின்மூடியைத் திறக்காமலும், சான்றுப் புத்தகத்தோடு சங்கத்துக்குக் கொணர்ந்தால், எண்ணை ஒப்பிட்டு, கட்டியவர் பெயர், படைப்பிரிவு, ஊர் ஆகியவற்றைக் குறித்து, பின்மூடியின் நிழற்படம் ஒன்றோடு கோப்பில் சேர்த்துக் கடிகாரத்தை அப்போதே திருப்பித் தருவோம். சான்று தொலைந்துபோனவர்கள், வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டதை ஒரு தாளில் எழுதிக் கொணர்ந்தாலும் போதும். இதுகாறும் சேர்ந்தவை ஏழு; அவற்றுள் அம்புக்குறி உள்ளது ஒன்று.